பி. ஆர். ஸ்ரீஜேஷ்

பாறாட்டு ரவீந்திரன் ஸ்ரீஜேஷ் (பிறப்பு: மே 8, 1988) இந்திய வளைதடிப் பந்தாட்ட (ஹாக்கி) முன்னாள் வீரரும் பயிற்சியாளரும் ஆவார். கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த இவர், 2006 முதல் 2024 வரை இந்தியத் தேசிய அணியின் கோல் காப்பாளராக 336 பன்னாட்டுப் போட்டிகளில் ஆடினார். 2020 டோக்கியோ ஒலிம்பிக் போட்டியிலும் (2021-இல் நடைபெற்றது) 2024 பாரிஸ் ஒலிம்பிக் போட்டியிலும் வெண்கலப் பதக்கம் பெற்ற இந்திய அணிகளில் இடம்பெற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். பன்னாட்டு ஹாக்கி கூட்டமைப்பு வழங்கும் ஆண்டின் சிறந்த கோல் காப்பாளர் விருதை மூன்று முறை பெற்றுள்ளார். இவர் ஓய்வு பெற்றபோது, இவர் அணிந்த 16-ஆம் எண் சட்டையை இனி மூத்தோர் அணியில் எவருக்கும் வழங்குவதில்லை என ஹாக்கி இந்தியா அமைப்பு அறிவித்தது.

ஸ்ரீஜேஷின் விளையாட்டு வாழ்க்கை, இந்திய ஹாக்கி தனது மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து மீண்ட காலத்துடன் ஒன்றி அமைந்தது. இவர் தேசிய அணிக்கு வந்த இரண்டாம் ஆண்டில் இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறத் தவறியது. இவர் விடைபெற்றபோது அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்குகளில் பதக்கம் பெற்றிருந்தது.

பின்னணி

1928 முதல் 1980 வரை இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கப் பதக்கங்களை வென்றது. இறுதித் தங்கம் 1980 மாஸ்கோவில், சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் கிடைத்தது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக் முதல் ஹாக்கி செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டு வருகிறது. இயற்கைப் புல்தரையில் பழகிய இந்திய அணிகள் வேகம் மிகுந்த இப்புதிய ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்கின. மாஸ்கோவுக்குப் பின் 41 ஆண்டுகள் ஒலிம்பிக் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. 2008 பீஜிங் ஒலிம்பிக்குக்கு அணி தகுதியே பெறவில்லை. 1928-க்குப் பின் இவ்வாறு நேர்ந்தது அதுவே முதல் முறை.

இந்திய ஹாக்கியில் சிறந்த கோல் காப்பாளர்கள் பலர் இருந்துள்ளனர். ரங்கூனில் பிறந்து சென்னையில் வாழ்ந்த ரங்கநாதன் பிரான்சிஸ் 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அணிகளில் இடம்பெற்றார். மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரைச் சேர்ந்த சங்கர் லட்சுமண் 1956, 1960, 1964 ஒலிம்பிக்குகளில் ஆடினார். 1966 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்கு அவரே தலைவர். கேரளத்தின் கண்ணூரைச் சேர்ந்த மானுவல் பிரெடெரிக் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கேரளத்தவர் அவரே. அவருக்குப் பின் அப்பெருமை 49 ஆண்டுகள் கழித்து ஸ்ரீஜேஷுக்குக் கிடைத்தது.

இளமைக் காலம்

ஸ்ரீஜேஷ் கொச்சிக்கு அருகிலுள்ள கிழக்கம்பலம் என்னும் ஊரில் ரவீந்திரன், உஷா இணையருக்குப் பிறந்தார். தந்தை உழவர். தொடக்கக் கல்வியைக் கிழக்கம்பலத்திலேயே கற்றார். சிறுவயதில் விரைவோட்டத்தில் பயிற்சி பெற்றார். பின்னர் நீளம் தாண்டுதலிலும் கைப்பந்திலும் ஈடுபட்டார். அப்போது ஹாக்கியுடன் இவருக்குத் தொடர்பு இல்லை. கால்பந்தும் தடகளமும் செல்வாக்குப் பெற்ற கேரளத்தில் ஹாக்கிக்கு இடம் குறைவு.

12-ஆம் வயதில் திருவனந்தபுரத்திலுள்ள ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். அரசு நடத்தும் இவ்வுறைவிடப் பள்ளியில்தான் ஹாக்கி மட்டையை முதன்முதலாகக் கையில் எடுத்தார். இவரைக் கோல் காப்பாளராக ஆடும்படி அங்கிருந்த பயிற்சியாளர் அறிவுறுத்தினார். கோல் காப்பாளர் மற்ற வீரர்களைப் போல ஆடுகளம் முழுதும் ஓட வேண்டியதில்லை. ஆயினும் அவருக்குத் தேவைப்படும் கருவிகள் விலை மிகுந்தவை. கால் காப்பு, உதை காப்பு, மார்புக் கவசம், கையுறை, தலைக்கவசம் ஆகிய அனைத்தும் வேண்டும். மகனுக்கு இவற்றை வாங்கித் தருவதற்காகத் தந்தை வீட்டிலிருந்த பசுவை விற்றதை ஸ்ரீஜேஷ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

பள்ளிப் படிப்புக்குப் பின் கொல்லம் ஸ்ரீ நாராயணா கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்றார்.

கோல் காப்பாளரின் பணி

ஸ்ரீஜேஷின் பங்களிப்பை அறிந்துகொள்ள, ஹாக்கியில் கோல் காப்பாளரின் பணியைச் சுருக்கமாக அறிதல் நலம்.

ஹாக்கி கோல் வாயில் 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்டது. பந்து கடினமானது, எடை ஏறத்தாழ 160 கிராம். கோல் வாயிலைச் சுற்றியுள்ள அரைவட்டத்துக்குள்ளிருந்து அடிக்கும் பந்தே கோலாகக் கணக்கிடப்படும். தமது அரைவட்டத்துக்குள் பந்தைக் காலாலும் உடலாலும் தடுக்கும் உரிமை கோல் காப்பாளருக்கு மட்டுமே உண்டு.

மூன்று சூழல்களில் கோல் காப்பாளர் கடுஞ்சோதனைக்கு உள்ளாகிறார்.

1. பெனால்டி கார்னர்: கோல் காப்பாளர் உட்பட ஐவர் மட்டுமே பின்கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம். எதிரணியின் 'டிராக் பிளிக்' வீரர் பந்தை மட்டையால் இழுத்து வீசும்போது அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரக்கூடும். பந்து புறப்பட்ட பின் திசையை முடிவு செய்ய நேரம் இராது. வீசுபவரின் உடல் நிலையையும் மட்டையின் கோணத்தையும் கொண்டு முன்னரே கணிக்க வேண்டும்.

2. பெனால்டி ஸ்ட்ரோக்: கோல் வாயிலிலிருந்து 6.40 மீட்டர் தொலைவில் பந்து வைக்கப்படும். பந்து புறப்படும் வரை காப்பாளர் கோட்டைவிட்டு அசையக் கூடாது.

3. ஷூட் அவுட்: வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படாத ஆட்டங்களில் பயன்படுவது. முன்னர் பெனால்டி ஸ்ட்ரோக்குகளே இதற்குப் பயன்பட்டன. இப்போதைய முறையில் எதிரணி வீரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்துடன் புறப்பட்டு 8 நொடிகளுக்குள் கோல் போட வேண்டும். ஊதல் ஒலித்ததும் காப்பாளர் முன்னேறி வரலாம். ஒவ்வோர் அணிக்கும் ஐந்து வாய்ப்புகள். சமநிலை நீடித்தால் 'சடன் டெத்' முறையில் ஆட்டம் தொடரும்.

மூன்றாவது சூழலில் காப்பாளர் எவ்வளவு நேரம் ஏமாறாமல் நிற்கிறார் என்பதே முக்கியம். அவசரப்பட்டு விழுந்துவிட்டால் வாயில் திறந்துவிடும். எட்டு நொடிகளும் எதிராளிக்குத்தான் நெருக்கடி என்பதை உணர்ந்து, தாக்குபவரை ஓரத்துக்குத் தள்ளிக் காலத்தைக் கடத்துவதே சிறந்த உத்தியாகும். ஸ்ரீஜேஷின் புகழ் பெரும்பாலும் இத்தகைய ஷூட் அவுட்டுகளில் உருவானது.

தேசிய அணியில் காத்திருப்பு

2004-இல் பெர்த்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்திய இளையோர் அணியில் ஸ்ரீஜேஷ் அறிமுகமானார். 2006-இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் மூத்தோர் அணிக்காக முதன்முறை ஆடினார். 2008-இல் ஐதராபாத்தில் இளையோர் ஆசியக் கோப்பையை இந்தியா வென்றபோது தொடரின் சிறந்த கோல் காப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எனினும் மூத்தோர் அணியில் நிலையான இடம் உடனே கிடைக்கவில்லை. ஏட்ரியன் டி சூசா, பரத் சேத்ரி ஆகிய மூத்த காப்பாளர்கள் அப்போது அணியில் இருந்தனர். களத்தில் ஆடும் மற்ற வீரர்களை ஆட்டத்தின் நடுவே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கோல் காப்பாளரை அவ்வாறு மாற்றுவது வழக்கமில்லை. ஆதலால் இரண்டாம் காப்பாளர் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றும் ஆடாமலே திரும்ப நேரும். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஸ்ரீஜேஷ் இந்நிலையில் அணிக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்தார்.

திருப்பம் 2011 செப்டம்பரில் சீனாவின் ஓர்டோசு நகரில் நடைபெற்ற முதலாவது ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் ஏற்பட்டது. பாகிஸ்தானுடனான இறுதி ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. அதைத் தொடர்ந்த வெற்றித் தீர்மானிப்பில் ஸ்ரீஜேஷ் இரு முயற்சிகளைத் தடுக்க, இந்தியா 4–2 எனக் கோப்பையை வென்றது. அதன்பின் இவர் அணியில் நிலைபெற்றார்.

அடுத்த ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பங்கேற்ற 12 அணிகளில் கடைசி இடத்தைப் பெற்றது. ஸ்ரீஜேஷ் பங்கேற்ற முதல் ஒலிம்பிக் அதுவே.

முதன்மைக் காப்பாளர் (2013–2016)

2013 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. ஸ்ரீஜேஷ் தொடரின் சிறந்த கோல் காப்பாளர் விருதைப் பெற்றார். 2014-இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் அணி வெள்ளி வென்றது.

2014 அக்டோபர் 2 அன்று தென்கொரியாவின் இஞ்சியோனில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1–1 எனச் சமநிலை அடைந்தன. ஷூட் அவுட்டில் ஸ்ரீஜேஷ் இரு முயற்சிகளைத் தடுத்தார். இந்தியா 4–2 என வென்று 16 ஆண்டுகளுக்குப் பின் ஆசிய விளையாட்டுத் தங்கத்தைப் பெற்றது. இவ்வெற்றியால் ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதியும் கிடைத்தது. 2015 டிசம்பரில் ராய்ப்பூரில் நடைபெற்ற உலக ஹாக்கி லீக் இறுதிச் சுற்றில் நெதர்லாந்தை ஷூட் அவுட்டில் வென்று இந்தியா வெண்கலம் பெற்றதிலும் இவர் முதன்மைப் பங்காற்றினார்.

2016 ஜூனில் இலண்டனில் நடைபெற்ற சாம்பியன்ஸ் கோப்பையில் அணித் தலைவராக இருந்தார். இறுதி ஆட்டம் ஆஸ்திரேலியாவுடன் கோலின்றி முடிந்தது. ஷூட் அவுட்டில் இந்தியா 1–3 எனத் தோற்றது. எனினும் அக்கோப்பையில் இந்தியா வெள்ளி பெற்றது அதுவே முதல் முறை. அதற்கு முன் 1982-இல் பெற்ற வெண்கலமே உயர்ந்த நிலையாக இருந்தது. தொடர்ந்து, சர்தார் சிங்குக்குப் பதிலாக ரியோ ஒலிம்பிக் அணியின் தலைவராக ஸ்ரீஜேஷ் அறிவிக்கப்பட்டார். அங்கு இந்தியா காலிறுதியில் பெல்ஜியத்திடம் 1–3 எனத் தோற்றது.

காயமும் மீள்வரவும்

2017-இல் மலேசியாவின் ஈப்போவில் நடைபெற்ற சுல்தான் அஸ்லான் ஷா கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்ரீஜேஷின் முழங்காலில் கடுங்காயம் ஏற்பட்டது. முழங்காலை நிலைப்படுத்தும் முன்புறச் சிலுவைத் தசைநார் பாதிக்கப்பட்டு, அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. ஏறத்தாழ எட்டு மாதங்கள் இவர் ஆடவில்லை.

இக்காயம் கோல் காப்பாளருக்குக் குறிப்பாகக் கொடியது. காப்பாளர் ஒவ்வொரு தடுப்பிலும் முழங்காலை மடித்து விழுகிறார். ஒற்றைக் காலை ஊன்றி மற்றதை நீட்டுகிறார். விழுந்த கணமே எழுகிறார். கால் குணமடைந்த பின்னும் அதன்மேல் நம்பிக்கை திரும்ப நாளாகும். அப்போது ஸ்ரீஜேஷுக்கு வயது 29. இவர் இல்லாத காலத்தில் இளைய காப்பாளர்கள் அணியில் வாய்ப்புப் பெற்றனர்.

2018 சனவரியில் நியூசிலாந்தில் நடைபெற்ற நான்கு நாடுகள் தொடரில் இவர் அணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு நெதர்லாந்தின் பிரெடா நகரில் நடைபெற்ற சாம்பியன்ஸ் கோப்பையில் இவர் தலைமையில் இந்தியா மீண்டும் வெள்ளி வென்றது. ஆனால் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் மலேசியாவிடம் ஷூட் அவுட்டில் தோற்றதால் தங்கத்தைத் தக்கவைக்க இயலவில்லை. டோக்கியோவுக்கான நேரடித் தகுதியும் கைநழுவியது. பாகிஸ்தானை 2–1 என வென்று வெண்கலம் மட்டுமே பெற முடிந்தது. பின்னர் இந்தியா தகுதிச் சுற்று ஆட்டங்களில் வென்று டோக்கியோ சென்றது.

டோக்கியோ ஒலிம்பிக்

கொரோனா பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு, 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா முதல் ஆட்டத்தில் நியூசிலாந்தை 3–2 என வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1–7 எனத் தோற்றது. இப்பெருந்தோல்விக்குப் பின் ஸ்பெயின், அர்ஜென்டினா, ஜப்பான் ஆகிய அணிகளை வென்று, காலிறுதியில் பிரித்தானியாவையும் 3–1 என வீழ்த்தியது. அரையிறுதியில் பெல்ஜியத்திடம் 2–5 எனத் தோற்றது.

வெண்கலப் பதக்க ஆட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனியுடன் நடைபெற்றது. ஒரு கட்டத்தில் 1–3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, பின்னர் 5–3 என முன்னேறியது. ஜெர்மனி ஒரு கோல் போட்டு 5–4 என நெருங்கியது. ஆட்டம் முடியச் சில நொடிகளே எஞ்சியிருந்தபோது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அதில் கோல் விழுந்திருந்தால் ஆட்டம் சமநிலையாகி ஷூட் அவுட்டுக்குச் சென்றிருக்கும். கோலை நோக்கி வந்த பந்தை ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றது. ஆட்டம் முடிந்ததும் இவர் கோல் கம்பத்தின் மேல் ஏறி அமர்ந்த காட்சி இந்திய விளையாட்டு வரலாற்றின் நிலைத்த படங்களுள் ஒன்றாயிற்று.

சென்னையில் 300-ஆவது போட்டி

2022 பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில் இந்தியா வெள்ளி பெற்றது. 2023 சனவரியில் ஒடிசாவில் நடைபெற்ற உலகக் கோப்பை ஏமாற்றமாக முடிந்தது. காலிறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் இந்தியா தோற்றது. அந்த ஷூட் அவுட்டின் நடுவே ஸ்ரீஜேஷ் காயமுற்று வெளியேற, கிருஷன் பதக் அவரிடத்தில் நின்றார். புதிய பயிற்சியாளர் கிரெக் புல்டனின் காலத்தில் இருவரும் காப்புப் பணியைப் பகிர்ந்துகொண்டனர்.

2023 ஆகஸ்ட் 3 முதல் 12 வரை ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை சென்னை எழும்பூரிலுள்ள மேயர் இராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் நடைபெற்றது. ஜப்பானுடனான அரையிறுதி ஸ்ரீஜேஷின் 300-ஆவது பன்னாட்டுப் போட்டி ஆகும். இந்தியா அதில் 5–0 என வென்றது. இறுதி ஆட்டத்தில் 1–3 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு மலேசியாவை 4–3 என வென்றது. அவ்வாண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதியில் ஜப்பானை 5–1 என வென்று தங்கமும் பாரிஸ் ஒலிம்பிக் தகுதியும் பெற்றது.

பாரிஸ் ஒலிம்பிக்கும் ஓய்வும்

2024 சூலையில், பாரிஸ் ஒலிம்பிக்கே தமது இறுதிப் போட்டித் தொடர் என ஸ்ரீஜேஷ் அறிவித்தார். இது இவர் பங்கேற்ற நான்காவது ஒலிம்பிக் ஆகும். பிரிவு ஆட்டங்களில் ஆஸ்திரேலியாவை இந்தியா 3–2 என வென்றது. ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 1972-க்குப் பின் பெற்ற முதல் வெற்றி இது.

ஆகஸ்ட் 4 அன்று பிரித்தானியாவுடனான காலிறுதியின் 17-ஆம் நிமிடத்தில் தற்காப்பு வீரர் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். எஞ்சிய ஏறத்தாழ 43 நிமிடங்களை இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. பிரித்தானியாவின் தொடர்ச்சியான தாக்குதல்களை ஸ்ரீஜேஷும் தற்காப்பு வீரர்களும் தாங்கினர். ஆட்டம் 1–1 என முடிந்தது. ஷூட் அவுட்டில் பிரித்தானியாவின் மூன்றாம் முயற்சி கோல் வாயிலுக்கு வெளியே சென்றது. நான்காவதை ஸ்ரீஜேஷ் தடுத்தார். இந்தியா 4–2 என வென்றது.

அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2–3 எனத் தோற்ற இந்தியா, ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2–1 என வென்று வெண்கலம் பெற்றது. இந்தியா அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்குகளில் ஹாக்கிப் பதக்கம் பெற்றது 1968, 1972-க்குப் பின் அதுவே முதல் முறை. நிறைவு விழாவில் துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கருடன் இணைந்து ஸ்ரீஜேஷ் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றார்.

பயிற்சியாளராக

ஓய்வுக்குப் பின் 2024 ஆகஸ்டில் இந்திய இளையோர் ஆண்கள் அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். இவர் பயிற்சியில் அணி 2024 டிசம்பரில் மஸ்கட்டில் நடைபெற்ற இளையோர் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானை 5–3 என வென்று தங்கம் பெற்றது. 2025 அக்டோபரில் சுல்தான் ஆப் ஜொகூர் கோப்பையில் வெள்ளி பெற்றது.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை இளையோர் உலகக் கோப்பை தமிழகத்தின் சென்னை, மதுரை நகரங்களில் நடைபெற்றது. முதன்முறையாக 24 அணிகள் பங்கேற்றன. காலிறுதியில் பெல்ஜியத்தை இந்தியா ஷூட் அவுட்டில் வென்றது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1–5 எனத் தோற்றது. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0–2 எனப் பின்தங்கியிருந்து, பின்னர் நான்கு கோல்கள் போட்டு 4–2 என வென்றது. 2016-இல் கோப்பையை வென்ற பின் இத்தொடரில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் இதுவாகும்.

ஆட்டமுறை

ஸ்ரீஜேஷ் ஆட்டம் முழுவதும் தற்காப்பு வீரர்களுடன் உரத்த குரலில் பேசிக்கொண்டே இருப்பவராக அறியப்பட்டார். கோல் காப்பாளருக்கு மட்டுமே ஆடுகளம் முழுதும் கண்ணெதிரே விரிந்திருக்கும். ஆளில்லாமல் நிற்கும் எதிராளியை முன்கூட்டியே சுட்டிக்காட்டினால், தடுக்க வேண்டிய பந்துகளின் எண்ணிக்கையே குறைந்துவிடும். பிற்காலத்தில் வேகம் சற்றுக் குறைந்தபோதும், நிற்கும் இடத்தைத் தேர்வதிலும் தாக்குபவரின் எண்ணத்தைக் கணிப்பதிலும் பெற்ற பட்டறிவு இவருக்குக் கைகொடுத்தது. இவர் தமது மூன்று உலக விருதுகளையும் 33 வயதுக்குப் பின்னரே பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

தனி வாழ்க்கை

இவருடைய மனைவி அனீஷ்யா முன்னாள் நீளம் தாண்டுதல் வீராங்கனையும் ஆயுர்வேத மருத்துவரும் ஆவார். இவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் உள்ளனர்.

முக்கியப் பதக்கங்கள்

ஒலிம்பிக்: வெண்கலம் – டோக்கியோ 2020, பாரிஸ் 2024
ஆசிய விளையாட்டு: தங்கம் – 2014, 2022 (2023-இல் நடைபெற்றது); வெண்கலம் – 2018
பொதுநலவாய விளையாட்டு: வெள்ளி – 2014, 2022
சாம்பியன்ஸ் கோப்பை: வெள்ளி – 2016, 2018
ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை: தங்கம் – 2011, 2016, 2018 (பாகிஸ்தானுடன் இணைந்து), 2023

விருதுகள்

அர்ஜுனா விருது – 2015
பத்மஸ்ரீ – 2017
கேல் ரத்னா விருது – 2021
ஆண்டின் சிறந்த உலக விளையாட்டு வீரர் (பன்னாட்டு உலக விளையாட்டுகள் சங்கம்) – 2021
பன்னாட்டு ஹாக்கி கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த கோல் காப்பாளர் – 2021, 2022, 2024
பத்மபூஷண் – 2025

இவற்றையும் பார்க்க

வளைதடிப் பந்தாட்டம்
இந்திய ஆண்கள் தேசிய வளைதடிப் பந்தாட்ட அணி
சங்கர் லட்சுமண்
ரங்கநாதன் பிரான்சிஸ்
மானுவல் பிரெடெரிக்
வாசுதேவன் பாஸ்கரன்